ஃபார்ச்சூனர் விலை எவ்வளவு? வாங்குறது யாருன்னு முதல்ல சொல்லுங்க!

போன வாரம் வீடியோல பெரிய எஸ்யூவி பத்தி ரெண்டு நிமிஷம் பேசினதுக்கே இவ்வளவு கேள்வி வரும்னு நான் எதிர்பார்க்கல. "சார், ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சே, இப்ப ஃபார்ச்சூனர் எடுக்கலாமா?" இதுதான் பாதி பேரோட கேள்வி. மீதி பாதி, "செகண்ட் ஹேண்ட்ல 19 லட்சத்துக்கு வருது, எடுக்கலாமா?"

வீடியோல சொல்ல முடியாத கணக்கையெல்லாம் இங்க உக்காந்து நிதானமா போட்டுடலாம். அதுக்கு முன்னாடி ஒரு வீட்டுக் கதை. இதுல என் தப்பும் கொஞ்சம் இருக்கு.

எங்க ஊர் சேலம் அம்மாபேட்டை. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவங்க நாங்க. என் சித்தி பையன் பெங்களூர்ல ஐடி வேலை. கையில வர்ற சம்பளம் மாசம் 78,000. 2023 ஆடிப் பண்டிகைக்கு ஊருக்கு வந்தப்ப, குகை வண்டி வேடிக்கை பார்த்துட்டுத் திரும்பி நடந்துகிட்டு இருந்தோம். சேலத்துக்காரங்களுக்குத் தெரியும், வண்டியை ஜோடிச்சு, சாமி வேஷம் போட்டவங்களை ஏத்தி ஊர்வலம் விடுவாங்க. ஊரே ரெண்டு பக்கமும் நின்னு பார்க்கும். அப்பதான் அவன் சொன்னான்: "அண்ணா, ஒரு ஃபார்ச்சூனர் பார்த்து வச்சிருக்கேன். 2015 மாடல். 19 லட்சம். பொண்ணு பார்க்கப் போறப்ப ஒரு கெத்தா இருக்கும்ல?"

நான் சிஏ. அடுத்தவங்களுக்குக் கணக்கு சொல்றதுதான் என் பிழைப்பு. அன்னிக்கு நான் சொன்னது, "உன் இஷ்டம்டா தம்பி." அவ்வளவுதான். பண்டிகை நாள்ல அவன் மனசைக் கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன். அதுக்கு அவன் கொடுத்த விலையை கடைசியில சொல்றேன்.

இந்த வண்டி மேல ஏன் இவ்வளவு ஆசை?

முதல்ல ஒண்ணு ஒத்துக்கலாம். இந்த ஆசை முட்டாள்தனம் இல்லை. அந்த வண்டில நிஜமாவே விஷயம் இருக்கு.

நாமக்கல் பக்கம் லாரி எப்படித் தயாராகுதுன்னு பார்த்திருப்பீங்க. கம்பெனிலிருந்து சேஸிஸ் தனியா வரும். அதாவது ரெண்டு நீளமான இரும்புச் சட்டம், அது மேல இன்ஜின், கீழ சக்கரம். இங்க பட்டறையில அது மேல பாடி கட்டுவாங்க. ஃபார்ச்சூனரும் அடிப்படையில அதே ரகம்தான். தனிச் சேஸிஸ், அது மேல உக்கார வச்ச பாடி. இன்னோவா கிரிஸ்டாவும் ஹைலக்ஸ் பிக்கப்பும் இதே குடும்பம். நாம ஓட்டுற சாதாரண கார்ல சேஸிஸ்னு தனியா எதுவும் இல்லை, பாடியே சட்டமாவும் வேலை செய்யும். அதனால எடை குறைவு, மைலேஜ் அதிகம். சேஸிஸ் வண்டி கனம். ஃபார்ச்சூனர் 2 டன்னுக்கு மேல. 2.8 லிட்டர் டீசல், 204 குதிரைத் திறன். குண்டு குழி, மண் ரோடு, பாரம், எதுக்கும் அசராது.

லாரியும் போர்வெல் ரிக் வண்டியும் வாழ்க்கையா இருக்கிற சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் மக்களுக்கு இந்த உறுதி புரியும். அதனாலதான் இந்தப் பக்கம் இந்த வண்டிக்கு மரியாதை அதிகம்.

ரெண்டாவது, வரலாறு. ஒரு காலத்துல பெரிய மனுஷன் வண்டின்னா அம்பாசடர். 1994-ல டாடா சுமோ வந்தது. அப்புறம் நம்ம படங்கள்ல அடியாட்கள் எல்லாம் சுமோலதான் வந்து இறங்கினாங்க! 2002-ல ஸ்கார்ப்பியோ. 2005-ல இன்னோவா. 2009 ஆகஸ்ட்ல ஃபார்ச்சூனர் இந்தியாவுக்கு வந்தப்ப ஷோரூம் விலை 18.45 லட்சம். மாநாடு, கல்யாணம், கோயில் விழான்னு எங்க போனாலும் முன்னாடி நிக்கிற வெள்ளை வண்டி எதுன்னு உங்களுக்கே தெரியும்.

மூணாவது காரணத்தை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. போட்டிக்கு இருந்தவங்க ஒவ்வொருத்தரா கிளம்பிட்டாங்க. ஃபோர்டு எண்டவர் நம்ம மறைமலைநகர்லயே தயாரான வண்டி. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல உற்பத்தியை நிறுத்துறதா அறிவிச்சது, எண்டவர் போச்சு. மஹிந்திரா 2018-ல கொண்டு வந்த அல்டுராஸும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கல. போட்டி குறைஞ்சா விலையைக் குறைக்க வேண்டிய அவசியமும் குறையும். செகண்ட் ஹேண்ட் விலையும் இறங்காது. "ஃபார்ச்சூனர் ரீசேல் தங்கம் மாதிரி"ன்னு சொல்றாங்கல்ல, அதுக்கு டொயோட்டா தரம் ஒரு காரணம்னா, வாங்குறவனுக்கு வேற வழி இல்லாததும் ஒரு காரணம்.

ஆரம்ப விலை எப்படி ஏறிச்சுன்னு பாருங்க. 2016 நவம்பர்ல ரெண்டாவது தலைமுறை 25.92 லட்சம். 2021 ஜனவரியில 29.98 லட்சம். 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி குறைப்புக்குப் பிறகும் 33.65 லட்சம். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 2009-ல வந்தது நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் வண்டி. இப்ப ஆரம்ப விலைக்குக் கிடைக்கிறது ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற பெட்ரோல் வண்டி. அதே ரகத்தைக் கேட்டா விலை இன்னும் மேல போகும்.

35 லட்ச வண்டிக்குள்ள என்ன இருக்கு?

இப்ப கணக்கு. ஷோரூம் விலை 35 லட்சம்னு ஒரு பெரிய எஸ்யூவியை எடுத்துக்கலாம். கணக்கு சுலபமா வரணும்னுதான் இந்த எண்.

- வண்டியோட உண்மை விலை (கம்பெனி, டீலர் லாபம் உட்பட): 25,00,000
- ஜிஎஸ்டி 40%: 10,00,000
- ஷோரூம் விலை: 35,00,000
- தமிழ்நாடு ஆயுள்கால சாலை வரி 20%: 7,00,000
- டிசிஎஸ் 1%: 35,000
- இன்ஷூரன்ஸ் (உத்தேசமா): 1,40,000
- பதிவு, ஃபாஸ்டேக், மற்றவை (உத்தேசமா): 15,000
- ரோட்டுக்கு வரும்போது: சுமார் 43,90,000

25 லட்ச ரூபாய் வண்டிக்கு 17 லட்சம் வரி. நூறு ரூபாய் சாமானுக்கு 68 ரூபாய் வரி!

"சார், ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சே?" ஆமா, குறைஞ்சது. 2025 செப்டம்பர் 22-க்கு முன்னாடி வரைக்கும் இந்த ரக வண்டிக்கு 28% ஜிஎஸ்டி, அதுக்கு மேல 22% செஸ், மொத்தம் 50%. இப்ப செஸ் இல்லை, ஒரே அடியா 40%. இதே 25 லட்ச வண்டி முன்னாடி ஷோரூம்ல 37.5 லட்சம். 2.5 லட்சம் குறைஞ்சது நிஜம். ஷோரூம் விலை குறைஞ்சதால சாலை வரியிலயும் 50,000 மிச்சம்.

ஆனா இன்னொரு பக்கம் பாருங்க. 2023 நவம்பருக்கு முன்னாடி தமிழ்நாட்டுல 10 லட்சத்துக்கு மேல உள்ள கார்களுக்கு சாலை வரி 15%. அப்புறம் மாத்திட்டாங்க. இப்ப:

- 5 லட்சம் வரை: 12%
- 5 முதல் 10 லட்சம்: 13%
- 10 முதல் 20 லட்சம்: 18%
- 20 லட்சத்துக்கு மேல்: 20%

இது வருமான வரி ஸ்லாப் மாதிரி படிப்படியா ஏறாது. கோட்டைத் தாண்டினா முழு விலைக்கும் புது விகிதம்தான். 9.95 லட்ச வண்டிக்கு வரி சுமார் 1.29 லட்சம். 10.05 லட்ச வண்டிக்கு சுமார் 1.81 லட்சம். விலையில வித்தியாசம் 10,000, வரியில வித்தியாசம் 52,000! "9.99 லட்சம்"னு விலை வைக்கிறது நம்ம கண்ணை ஏமாத்த மட்டும் இல்லை, இதுக்கும்தான். வேரியன்ட் தேர்ந்தெடுக்கும்போது 10 லட்சம், 20 லட்சம் கோடு ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இன்னொரு கோடும் இருக்கு, 4 மீட்டர். 4 மீட்டருக்குள்ள இருந்து, பெட்ரோல்னா 1200 சிசி, டீசல்னா 1500 சிசி தாண்டாம இருந்தா ஜிஎஸ்டி 18% மட்டும். அதனாலதான் நெக்ஸான், வென்யூ எல்லாம் சொல்லி வச்ச மாதிரி 4 மீட்டருக்கு கொஞ்சம் குறைவா நிக்குது. ஷோரூம்ல 9.8 லட்சம்னு ஒரு சின்ன எஸ்யூவி எடுத்தா (18% ஜிஎஸ்டி ரகம்), ஜிஎஸ்டியும் சாலை வரியும் சேர்ந்து சுமார் 2.77 லட்சம். நூறு ரூபாய்க்கு 33 ரூபாய். பெரிய வண்டில 68, சின்ன வண்டில 33. வண்டி பெருசாக பெருசாக, உங்க பணத்துல வண்டிக்குப் போற பங்கு குறையுது, வரிக்குப் போற பங்கு கூடுது.

ஒரே வண்டி, மூணு பேர், மூணு விலை

இனிமேதான் முக்கியமான விஷயம். தலைப்புல கேட்ட கேள்வி இதுதான்.

முதல் ஆள்: லாரி ஓனர். சங்ககிரியில ஒருத்தர் கடன் வாங்கி லாரி எடுக்கிறார். லாரிக்குக் கட்டின ஜிஎஸ்டியை, அவர் வாடகைக்கு ஜிஎஸ்டி வசூலிக்கிற முறையில இருந்தா, உள்ளீட்டு வரியா எடுத்துக்கலாம். வாடகைக்கு ஓடுற லாரிக்கு வருமான வரியில தேய்மானம் வருஷம் 30%. வட்டி, டீசல், டயர், டிரைவர் சம்பளம் எல்லாம் செலவுக் கணக்கு. எல்லாத்துக்கும் மேல, அந்த வண்டி லோடு ஏத்துது. அதோட இஎம்ஐயை அதுவே கட்டுது. கட்டாம போற மாசமும் உண்டு, அது வேற கதை. ஆனா திட்டம் அதுதான்.

ரெண்டாவது ஆள்: வியாபாரி. தன் தொழில் பேர்ல ஃபார்ச்சூனர் எடுக்கிறார். இவருக்கு ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்காது. 13 பேர் வரை உக்கார்ற வண்டிக்கு, வண்டி விற்கிற தொழில், ஆள் ஏத்துற தொழில், டிரைவிங் ஸ்கூல் இந்த மாதிரி சில விதிவிலக்கு தவிர, உள்ளீட்டு வரி கிடையாது. ஆனா வருமான வரியில? காருக்கு தேய்மானம் 15%. ஷோரூம் விலையும் சாலை வரியும் சேர்த்து 42 லட்சம்னு வச்சா, முதல் வருஷம் 6.3 லட்சம் செலவா காட்டலாம். அஞ்சு வருஷத்துல மொத்தம் சுமார் 23.4 லட்சம். அவர் 30% ஸ்லாப்ல இருந்தா, செஸ் சேர்த்து 31.2%. மிச்சமாகிற வரி சுமார் 7.3 லட்சம். கடன் வட்டி, டீசல், இன்ஷூரன்ஸ், டிரைவர் எல்லாமே இதுபோக. சொந்த உபயோகத்துக்கான பங்கைக் கழிச்சுக் காட்டணும்னு சட்டம் சொல்லுது. அதைக் கழிச்சாலும் கணிசமா மிச்சம்.

மூணாவது ஆள்: நீங்க. உங்க சம்பளத்துக்கு முதல்ல வரி பிடிச்சிடுவாங்க. மிச்சம் கைக்கு வரும். அந்த மிச்சத்துல இருந்து வண்டி வாங்கணும். தேய்மானம் கிடையாது. சொந்தக் கார் கடன் வட்டிக்கு சலுகை கிடையாது. டீசல் பில்லை யார்கிட்டயும் காட்ட முடியாது. 44 லட்சம்னா முழு 44 லட்சம்.

புரியுதா? டோல்கேட்ல உங்க பக்கத்து லைன்ல நிக்கிற ஃபார்ச்சூனரும் நீங்க வாங்க நினைக்கிற ஃபார்ச்சூனரும் ஒரே வண்டி. ஆனா ஒரே விலை இல்லை. "அவரு வாங்கியிருக்காரு, எனக்கென்ன குறை?"ன்னு நினைக்கும்போது, அவரோட பேலன்ஸ் ஷீட்டை உங்க சேலரி ஸ்லிப்போட ஒப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறது இல்லை. அமெரிக்காவுல 6,000 பவுண்டுக்கு மேல எடை தாங்குற வண்டியைத் தொழிலுக்கு வாங்கினா தனி வரிச் சலுகை உண்டு. விவசாயி, காண்ட்ராக்டர் வாங்குற டிரக்குக்காக வச்ச விதி. 2003-ல அந்தச் சலுகை வரம்பை ஒரு லட்சம் டாலரா உயர்த்தினாங்க. உடனே டாக்டரும் வக்கீலும் ஹம்மர் மாதிரி பெரிய எஸ்யூவியை தொழில் பேர்ல எடுக்க ஆரம்பிச்சாங்க. 2004-லயே எஸ்யூவிக்கு மட்டும் வரம்பை 25,000 டாலரா குறைக்க வேண்டி வந்தது. ரோட்டுல எந்த வண்டி அதிகமா ஓடுதுங்கிறதுல வரிச் சட்டத்துக்கும் பங்கு இருக்கு. அந்தச் சலுகை அங்கயும் சம்பளக்காரனுக்குக் கிடையாது.

சம்பளக்காரர் கணக்கு

44 லட்சத்துல 9 லட்சம் கையில இருந்து போட்டு, 35 லட்சம் கடன். 9% வட்டி, 7 வருஷம். இஎம்ஐ சுமார் 56,300. மொத்த வட்டி சுமார் 12.3 லட்சம்.

வருஷம் 18 லட்சம் சம்பளம் வாங்குற ஒருத்தரைப் பார்க்கலாம். புது வரி முறையில 2025-26-க்கு வரி சுமார் 1.51 லட்சம். பிஎஃப்பை விட்டுட்டுப் பார்த்தாலே கையில மாசம் 1.37 லட்சம்தான். இஎம்ஐ மட்டும் அதுல 41%. அதோட:

- டீசல்: வருஷம் 12,000 கிமீ, லிட்டருக்கு 11 கிமீ, லிட்டர் 93 ரூபாய்னா மாசம் சுமார் 8,500
- இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயருக்கு ஒதுக்கறது: மாசம் 12,000-னு வைங்க

மொத்தம் 76,800. கையில வர்றதுல பாதிக்கு மேல, 56%. வருஷம் 18 லட்சம் வாங்குறவருக்கே இந்த நிலைமை!

இதுக்குப் பதிலா சின்ன வண்டி எடுத்து, மாசம் 40,000 வித்தியாசத்தை 7 வருஷம் முதலீடு பண்ணி, 10% வளர்ச்சி கிடைச்சா சுமார் 48 லட்சம் ஆகும். 10%ங்கிறது நான் வச்சுக்கிட்ட எண்தான், உத்தரவாதம் இல்லை. பாதி கிடைச்சாலும் ஒரு வீட்டு முன்பணம்.

"புதுசுதானே சார் பிரச்சினை, பழசு வாங்கறேன்"

இங்கதான் என் தம்பி கதை. 19 லட்சம் விலை. சேமிப்புல இருந்து 3 லட்சம். 16 லட்சம் கடன். பழைய வண்டிக்கு வட்டி அதிகம், 13%. 5 வருஷம். இஎம்ஐ சுமார் 36,400. அவன் கைச்சம்பளத்துல 47%.

முதல் சிக்கல், அது கர்நாடகா நம்பர் வண்டி. பெங்களூர்லதான் வேலைன்னு எடுத்தான். ஆனா வண்டி பாதி நாள் அம்மாபேட்டையில சித்தப்பா வீட்டு வாசல்லதான் நின்னது. வேற மாநில வண்டியை 12 மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா, தடையில்லாச் சான்று வாங்கி, இங்க மறுபதிவு பண்ணி, வண்டியோட வயசுக்கு ஏத்த மாதிரி தமிழ்நாடு ஆயுள்கால வரி கட்டணும். "டெல்லி வண்டி, சல்லிசா வருது"ன்னு சொல்றவங்களும் இதைக் கேட்டுக்கோங்க. அங்க பத்து வருஷம் ஆன டீசல் வண்டிக்குக் கட்டுப்பாடு இருக்கிறதாலதான் விலை இறங்குது. இங்க கொண்டு வந்து வரி கட்டினா அந்தச் சல்லிசு பாதி போயிடும்.

ரெண்டாவது சிக்கல், வண்டி பழசானாலும் அதோட செலவு பழசாகாது. நாலு டயர், சஸ்பென்ஷன் வேலை, இதர ரிப்பேர் எல்லாம் சேர்ந்து ஒன்றே கால் லட்சம். 19 லட்சத்துக்கு வாங்கினாலும் டயர் என்னவோ 44 லட்ச வண்டியோட டயர்தான்.

மூணாவது, அந்தப் பொண்ணு பார்த்த கதை. சங்ககிரி பக்கம். பொண்ணோட அப்பா லாரி வச்சிருக்கிறவர். வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். சித்தப்பாவும் தம்பியும் பெருமையா நின்னாங்க. அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, ஆர்சியில ஹைப்பாதிகேஷன் இருக்குங்களா? எத்தனை டியூ பாக்கி?" வாழ்க்கை முழுக்க டியூ கட்டினவர்கிட்ட வண்டியைக் காட்டி மயக்க முடியுமா? வீட்டுக்கு வந்து தம்பி சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். ஆனா முகம் சரியில்லை. அந்தச் சம்பந்தம் அமையல. வேற காரணமும் இருந்திருக்கலாம்.

அப்புறம் 2025 மார்ச் வாக்குல, சித்தப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டார். முப்பது வருஷம் தறியில உக்காந்த கால். அன்னிக்கு வாசல்ல 15 லட்ச ரூபாய் வண்டி நிக்குது, தம்பி வங்கிக் கணக்குல 40,000 ரூபாய் இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் பண்ணினான். "அண்ணா, கொஞ்சம் பணம் வேணும்." அவ்வளவு சின்னக் குரல்ல அவன் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த மாசமே வண்டியை வித்துட்டான். 20 மாசம் ஓட்டினதுக்கு அப்புறம் விலை 14.25 லட்சம். பாக்கி கடன் சுமார் 11.77 லட்சம். கையில நின்னது 2.48 லட்சம். இப்ப கூட்டிப் பாருங்க. முதல்ல போட்டது 3 லட்சம், 20 இஎம்ஐ 7.28 லட்சம், ரிப்பேர் 1.25 லட்சம். மொத்தம் 11.53 லட்சம் போய், 2.48 லட்சம் வந்தது. நஷ்டம் 9.05 லட்சம். மாசம் 45,000 ரூபாய் வாடகை! டீசல், இன்ஷூரன்ஸ் சேர்க்காம. "ரீசேல் தங்கம்"னு சொன்ன வண்டி, அதுவும் பழசா வாங்கின வண்டி. வண்டி நல்ல விலைக்குத்தான் போச்சு. விலை இறக்கமும் வட்டியும் ரிப்பேரும் சேர்ந்துதான் அவனைச் சாப்பிட்டது.

அப்ப வாங்கவே கூடாதா?

அப்படி இல்லை. நான் யாரோட ஆசைக்கும் எதிரி இல்லை. இந்த மூணு கேள்விக்கும் "ஆமா"ன்னு பதில் வந்தா தாராளமா வாங்குங்க.

1. இஎம்ஐ, எரிபொருள், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து கைச்சம்பளத்துல 20%-க்குள்ள அடங்குதா?
2. வண்டி வாங்கின மறுநாள் காலையில, ஆறு மாசச் செலவுக்கான பணம் தனியா இருக்கா? வீட்டுப் பெரியவங்களுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கா?
3. மாசத்துல பத்து நாளாவது அந்த வண்டியோட பலம் உங்களுக்குத் தேவைப்படுதா? மண் ரோடு, மலை, ஏழு பேர், பாரம், ஏதாவது ஒண்ணு?

மூணாவதுக்கு மட்டும் "ஆமா"ன்னா, சேஸிஸ் வண்டிதான் வேணும்னா, ஸ்கார்ப்பியோ-என் மாதிரி வண்டியைப் பாருங்க. செங்கல்பட்டு பக்கம் இருக்கிற மஹிந்திரா ஆராய்ச்சி மையத்துல உருவான வண்டி. அதுவும் 40% ரகம்தான். ஆனா 20 லட்சக் கோட்டுக்குக் கீழ உள்ள வேரியன்ட் எடுத்தா சாலை வரி 18%ல நிக்கும், கடனும் பாதிக்குப் பாதி. கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் மட்டும்தான் பெரிய வண்டி வேணும்னா, ஒரு நாள் வாடகைக்கு எடுங்க. அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை.

10 லட்சத்துக்கு மேல எந்தக் கார் வாங்கினாலும் இதை மறக்காதீங்க

அந்த டிசிஎஸ் 1%, நம்ம உதாரணத்துல 35,000 ரூபாய், அது செலவு இல்லை. உங்க பான் கணக்குல வரவு வைக்கப்பட்ட முன்வரி. 26ஏஎஸ்ல தெரியும். ரிட்டர்ன்ல கேட்டு வாங்கலாம். சம்பளக்காரருக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2024 அக்டோபர்ல இருந்து, படிவம் 12பிஏஏ கொடுத்தா ஆபீஸ்லயே உங்க டிடிஎஸ்ல இதைக் கழிச்சுக்குவாங்க, ரிட்டர்ன் வரை காத்திருக்க வேண்டாம். இது 2025-26 நிதியாண்டு நிலவரம். நிறைய பேர் இந்தப் பணத்தை மறந்தே போயிடறாங்க.

அதே 26ஏஎஸ் வருமான வரித் துறைக்கும் தெரியும். அப்பா பணத்துல, "பையன்தான் ஐடி கட்டறான்"னு பையன் பேர்ல வண்டி எடுக்கிறது நம்ம பக்கம் சகஜம். அப்பா கொடுத்த பணத்துக்கு மகனுக்கு வரி கிடையாது, கவலை வேண்டாம். ஆனா பணம் வங்கி வழியா வரட்டும், அப்பாகிட்ட அந்தப் பணம் எப்படி வந்ததுங்கிறதுக்குக் கணக்கும் இருக்கட்டும். 7 லட்சம் வருமானம் காட்டிட்டு 44 லட்ச வண்டி நின்னா, கேள்வி கட்டாயம் வரும்.

கடைசியா...

சித்தப்பா இப்ப நல்லா நடக்கிறார். போன மாசம் ஊருக்குப் போனப்ப பேச்சுவாக்குல கேட்டேன், "அந்த வண்டி போனதுல வருத்தமா சித்தப்பா?" அவர் சொன்னார்: "எனக்கு அதுல ஏறவே முடியாதுடா. படி அவ்வளவு உசரம், முட்டி புடிச்சுக்கும். அவன் மனசு நோகும்னு சொல்லல."

20 மாசத்துல அவர் அந்த வண்டியில ஏறினது மொத்தம் ரெண்டே தடவைதானாம். அவனும் கேட்கல, அவரும் சொல்லல, சிஏன்னு இருந்த நானும் கேட்கல. நீங்க டெஸ்ட் டிரைவ் போறதுக்கு முன்னாடி, வீட்ல எல்லாரையும் உக்கார வச்சு ஒரு தடவை கேட்டுடுங்க.

தம்பி இப்ப அஞ்சு வருஷப் பழைய ஹேட்ச்பேக் வச்சிருக்கான், கடன் இல்லாம. சித்தப்பா முன்சீட்ல உக்காந்து வர்றார்.

உங்க சம்பளம், முன்பணம், வட்டி விகிதம் போட்டுப் பார்க்க, மேல போட்ட அதே வரிசையில ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, பத்து நிமிஷம்தான் ஆகும். அடுத்த பதிவுல, கார் கடனைச் சீக்கிரம் அடைச்சா லாபமா, அந்தப் பணத்தை முதலீடு பண்ணினா லாபமான்னு பார்க்கலாம்.